முப்பத்திரண்டு பேருக்கும் இருபத்துமூன்று

"எல்லாருக்கும் இருபத்துமூணு!" என்றார் தங்கச்சாமி. குரலில் பெருமை வழிந்தது.

முப்பத்திரண்டு தாள்களையும் இரண்டாம் தடவையாகக் கூட்டிப் பார்த்து, மேசையில் தட்டி அடுக்கி வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த பரிபூரணம் சிஸ்டரைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தார்.

"பாத்தீங்களா சிஸ்டர்? ஒருத்தன் கூடவும் இல்ல, ஒருத்தி குறையவும் இல்ல. பதினொண்ணு 'ஆ' பிரிவுன்னா அப்படித்தான். அம்புட்டும் என் வளர்ப்பு."

பரிபூரணம் சிஸ்டர் சிரிக்கவில்லை. அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு காலையில்தான் திருவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறி வந்திருந்தார்.

"சார், இது மார்க்கு இல்ல."

"பின்னே?"

"சுற்றறிக்கை வந்துச்சே, படிக்கலையா?"

தங்கச்சாமி படிக்கவில்லை. அன்று காலை பள்ளிக்கூடத்துக்கே தாமதமாகத்தான் வந்தார். அவர் வருவதற்குள் சிஸ்டர் தாள்களைக் கொடுத்துப் பிள்ளைகளும் எழுதி முடித்திருந்தார்கள்.

"வளர்ற பிள்ளைகள்ல யாருக்காவது குடிப்பழக்கம் இருக்கான்னு கண்டுபிடிக்கிற கேள்வித்தாள் சார் இது. பத்துக் கேள்வி, நாப்பது வரைக்கும் போகும். எட்டுக்குக் கீழே இருந்தா பயமில்ல. இருபதைத் தாண்டினா வைத்தியம் பாக்கணும்."

தங்கச்சாமி ஒரு தாளை உருவிப் படித்தார். 'வாரத்தில் எத்தனை நாள் குடிப்பது உண்டு?' நான்கு நாளுக்கு மேல் என்று டிக் அடித்திருந்தது. 'குடித்ததால் மறுநாள் செய்யவேண்டிய வேலை தவறியது உண்டா?' உண்டு. 'நிறுத்தினால் தேவலை என்று யாராவது கவலைப்பட்டது உண்டா?' உண்டு. அடுத்த தாளிலும் அதே டிக். அதற்கடுத்த தாளிலும் அதே.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கிராம்பு அவரிடம் எப்போதும் இருக்கும்.

"முப்பத்திரண்டு பேருமா?" என்றார் மெதுவாக.

"முப்பத்திரண்டு பேரும்."

"எந்தப் பிள்ளைன்னு பேரு போட்டு மேலே அனுப்புவீங்களா?"

"பிள்ளைக பேரு எழுதக்கூடாது சார், அது சட்டம். வகுப்பு, பிரிவு, வகுப்பாசிரியர் பேரு, அம்புட்டுதான்." சிஸ்டர் தாளின் தலைப்பைக் காட்டினார். முப்பத்திரண்டு தாள்களின் உச்சியிலும் கரும்பலகையைப் பார்த்துப் பிள்ளைகள் அழகாக எழுதியிருந்தார்கள்: 'வகுப்பாசிரியர்: திரு. தங்கச்சாமி, தாவரவியல்.'

வாயில் இருந்த கிராம்பு காரமாக இறங்கியது.

*

தலைமையாசிரியர் ஐயாதுரை விஷயத்தைக் கேட்டதும் மின்விசிறியை இன்னும் வேகமாக வைத்தார்.

"தங்கச்சாமி, வார ஜூன்ல நீங்க தலைமையாசிரியரா ஆகப்போற ஆளு. பட்டியல்ல உங்க பேரு ரெண்டாவது நிக்கிது. இந்த நேரத்துல மாவட்ட ஆபீசுக்கு 'இவரு கிளாசு முழுக்கக் குடிகாரப் புள்ளைக'ன்னு ஒரு காகிதம் போச்சுன்னா, பேரு நிக்கவா செய்யும்?"

"நிக்காது சார்."

"அப்போ ஏதாவது செய்ங்க."

தங்கச்சாமி செய்தார். காரணம் அவருக்குப் பளிச்சென்று பிடிபட்டுவிட்டது. முதல் மதிப்பெண்காரி காளீஸ்வரி. அவள் என்ன எழுதினாலும் வகுப்பே அதைப் பார்த்து எழுதும். அவள் பிழையாக எழுதினால் பிழையையும் விடாமல் எழுதுவார்கள்.

"காப்பி சிஸ்டர், சுத்தமான காப்பி! மறுபடி எழுதச் சொல்லுங்க. மைதானத்துல ஆளுக்கு ஒரு மூலையா உக்கார வைக்கேன்."

மறுநாள் மைதானத்தில் பத்தடிக்கு ஒருவராகப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். தங்கச்சாமி விசிலோடு நடுவில் நின்றார். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கால் மணி நேரத்தில் தாள்கள் வந்தன.

எல்லாருக்கும் இருபத்துமூன்று.

"நேத்து ஒரு தடவை எழுதினது சந்தேகம்னு வச்சுக்கிட்டாலும், இன்னைக்கு உறுதியாயிருச்சு சார்" என்று சிஸ்டர் கையிலிருந்த டேப்லெட் கணினியில் எதையோ தட்டினார். "இரண்டு முறை உறுதி செய்யப்பட்டதுன்னு தனியா ஒரு கட்டம் இருக்கு. அதுல ஏத்தியாச்சு. இனிமே அழிக்க முடியாது."

தங்கச்சாமி காளீஸ்வரியைத் தனியே கூப்பிட்டார்.

"ஏட்டி, உண்மையைச் சொல்லு. நீயா குடிக்கே?"

"சீ, இல்ல சார்!"

"பொறவு எதுக்கு இப்படி எழுதினே?"

காளீஸ்வரி தரையைப் பார்த்தாள். "நீங்கதானே சார் சொல்வீங்க, நெனச்சதை எழுதாதே, பாத்ததை எழுதுன்னு."

அது தாவரவியல் ஆய்வகத்தின் சுவரில் தங்கச்சாமியே எழுதி வைத்த வாசகம். தண்டைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்க்காமல், கைடில் இருக்கும் படத்தைப் பார்த்து வரைகிற பிள்ளைகளுக்காக எழுதியது.

"அதுக்கும் இதுக்கும் என்னட்டி சம்பந்தம்?" என்றவர், தானே நெற்றியில் அடித்துக்கொண்டு சிஸ்டர் பக்கம் திரும்பினார். "புரிஞ்சிருச்சு சிஸ்டர்! மார்க்குன்னு நெனச்சிருக்கா. கூடப் போட்டா கூட மார்க்குன்னு டிக் அடிச்சிருக்கா. மத்ததுக எல்லாம் அவ விடையை ராத்திரி மனப்பாடம் பண்ணிட்டு வந்துருச்சுக. படிக்கிற பிள்ளைக சிஸ்டர், அதான் வினை."

காளீஸ்வரி பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கலாம். ஆனா நான் எழுதுனதைத்தான் பாக்க முடியும்" என்றார் சிஸ்டர்.

"அப்போ ஊத வைங்க! போலீஸ்காரங்க ரோட்டுல நிப்பாட்டி ஊதச் சொல்வாங்களே, அந்த மிஷினைக் கொண்டாங்க. என் பிள்ளைக பூஜ்யம்னு நான் நிரூபிக்கேன்."

சிஸ்டர் யார் யாரிடமோ பேசி, வெள்ளிக்கிழமை காலையிலேயே அந்த மிஷினைக் கொண்டுவந்துவிட்டார். வகுப்பு வரிசையாக நின்றது. தலைமையாசிரியர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"முதல்ல சார் ஊதிக் காட்டட்டும். பிள்ளைகளுக்குப் பயம் போகும்" என்றார் சிஸ்டர்.

மிஷின் தங்கச்சாமியின் முகத்துக்கு நேரே வந்தது.

இதை இனிமேலும் மறைப்பதற்கில்லை. தங்கச்சாமி குடிப்பார். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போய், காபி குடித்துவிட்டு, 'நோட்டுத் திருத்தணும், நண்பர் வீட்டுக்குப் போறேன்' என்று மனைவி பொன்மணியிடம் சொல்லிவிட்டு, திருவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுவார். ராஜபாளையத்தில் வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள். திருவில்லிபுத்தூரில் அவரை ஒரு குருவிக்கும் தெரியாது. இந்த ஏற்பாட்டில் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. வகுப்பில் பாதிப் பேர் அந்த ஊர்ப் பஸ்ஸில்தான் பள்ளிக்கு வருகிறார்கள் என்பது அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

முந்தின நாள் வியாழக்கிழமை. வியாழனன்று கொஞ்சம் அதிகமாகவே நோட்டுத் திருத்தியிருந்தார்.

"கக்... கக்..." என்று தங்கச்சாமி இருமினார். கண்ணில் நீர் வரும்வரை இருமினார். "தொண்டை... தலைமையாசிரியர் ஊதட்டும். அதுதான் மரியாதை."

ஐயாதுரை ஊதினார், பூஜ்யம். முப்பத்திரண்டு பேரும் ஊதினார்கள், முப்பத்திரண்டு பூஜ்யம்.

"பாத்தீங்களா!" என்று தங்கச்சாமி இருமலை மறந்து குதித்தார்.

"பாத்தேன்" என்றார் சிஸ்டர். "கேள்வித்தாள்லயே இருக்கு பாருங்க, சாயங்காலம் மட்டும்தான்னு. சாயங்காலம் குடிச்சிட்டு மறுநாள் ஒண்ணும் தெரியாத மாதிரி பள்ளிக்கூடத்துக்கு வாரது சாதாரண ஆளு செய்யுற காரியம் இல்ல. ரொம்பப் பழகின கை. ஆறு சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து பயிற்சி எடுக்கணும். வகுப்பாசிரியர் கூடவே வரணும். ஆறு வாரம் முடிஞ்சு மார்க்கு இறங்கிருந்தா, மேலே போற காகிதம் நல்ல காகிதமாப் போகும். இல்லாட்டி இப்ப இருக்கிறபடியே போகும்."

ஆக, தங்கச்சாமியின் ஜூன் மாதம் அந்த முப்பத்திரண்டு பேர் கையில் போய் உட்கார்ந்தது.

*

முதல் சனிக்கிழமை சிஸ்டர் ஒரு விதி சொன்னார். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு நம்பிக்கையான ஒரு பெரியவரைத் துணையாக எழுதித் தரவேண்டும். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குமேல் அந்தத் துணையை வீடியோ காலில் கூப்பிட்டு முகம் பார்த்துப் பேசவேண்டும்.

சீட்டுகளைப் பிரித்தார்கள். முப்பத்திரண்டிலும் ஒரே பெயர்.

"ஏலே, உங்களுக்கெல்லாம் அப்பா அம்மா இல்லையா?"

"நம்பிக்கையான ஆளுன்னு சொன்னாகளே சார்" என்றான் கௌதம்ராஜ்.

துணையாக இருப்பவரையும் டாக்டர் பார்ப்பாராம், அதுவும் விதி. டாக்டர் தங்கச்சாமியின் நாக்கைப் பார்த்தார், கையை நீட்டச் சொல்லி விரல்களைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை. "பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறவருக்குத் தெம்பு வேணும்" என்று மாத்திரை எழுதித் தந்தார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குத் தங்கச்சாமி பஸ் ஸ்டாண்டில் நின்றார். போன் அடித்தது.

"சார், இன்னைக்கு நான் குடிக்கல சார்." கௌதம்ராஜ்.

"நல்லது. வை."

"ரெண்டு பக்கமும் சொல்லணும்னு சிஸ்டர் சொன்னாக சார்."

"என்னது ரெண்டு பக்கமும்?"

"நீங்களும் சொல்லணும் சார்."

"நானும் குடிக்கல. வைலே!"

"எங்கே சார் நிக்கீங்க? பின்னால பஸ்ஸு தெரியுது."

"நடக்க வந்தேன்."

"அப்படியே வீட்டுக்கு நடங்க சார். அடுத்து பாண்டிசெல்வி கூப்பிடுவா. வீட்டு வெளிச்சத்துல முகம் நல்லாத் தெரியும்."

பாண்டிசெல்வி கூப்பிட்டாள். அவளுக்குப் பின் இம்மானுவேல், அவனுக்குப் பின் பால்பாண்டி. முப்பத்திரண்டு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். கடைசிப் பிள்ளை வைக்கும்போது மணி எட்டே முக்காலுக்கு மேல். தங்கச்சாமி முப்பத்திரண்டு தடவை 'நானும் குடிக்கல' என்று சொல்லி நாக்கு வறண்டு கிடந்தார். பொன்மணி இட்லியை வைத்தாள். நண்பர் வீட்டு நோட்டு என்னவாயிற்று என்று அவள் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் போனை அணைத்துவிட்டார். இனிமேல் யார் என்ன செய்துவிட முடியும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால், தெருவை அடைத்துக்கொண்டு பதினோரு சைக்கிள்.

"சார்! போன் போகல! பயந்தே போயிட்டோம்!"

எதிர்வீட்டு வெங்கடேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "என்ன சார், பிள்ளைகளுக்கு என்ன?"

தங்கச்சாமி வாயைத் திறப்பதற்குள் பால்பாண்டி உரத்த குரலில் சொல்லிவிட்டான்: "சார்தான் அக்கா எங்களைக் குடிக்காமப் பாத்துக்கிடுதாரு! தினமும் ஏழு மணியிலருந்து அவிய வீட்டை விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகர மாட்டாவ!"

தெரு முழுக்கக் கேட்டது. மறுநாளிலிருந்து ஏழு மணிக்கு அவர் வாசல் தாண்டினால், "என்ன சார், பிள்ளைக போன் பண்ணுமே, நீங்க எங்கே கிளம்பிட்டிய?" என்று நான்கு வீட்டிலிருந்து குரல் வந்தது.

கடைசி முயற்சியாகப் பெற்றோர் கூட்டம் போட்டார். துணையாக இருக்கும் பொறுப்பை அப்பாமார்கள் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொள்ளவேண்டும் என்று அரைமணி நேரம் பேசினார். பாண்டிசெல்வியின் அம்மா எழுந்தாள்.

"எங்க வீட்டு ஆளைத் துணையாப் போடவா சார்? அவருக்கே ஒரு துணையைத் தேடிக்கிட்டு இருக்கேன்."

கூட்டம் சிரித்தது. சிரித்த கையோடு தீர்மானமும் போட்டது: சாரே துணை. அது மட்டுமா, பாண்டிசெல்வியின் அப்பா உள்பட, குடிக்கிற ஐந்து அப்பாமாரும் இனி ஏழு மணிக்குப் பிள்ளைகளோடு போனில் உட்கார்ந்து சார் பேசுவதைக் கேட்பார்கள். தங்கச்சாமிக்கு முப்பத்திரண்டு முப்பத்தேழானது.

அந்த வாரம் அவருக்குச் சுகமான வாரம் இல்லை. வேர்த்தது. தூக்கம் வரவில்லை. டாக்டர் தந்த மாத்திரையைப் பொன்மணி நேரம் தவறாமல் எடுத்துத் தந்தாள். ஏழு மணி வந்தால் மனசு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடும். அதைப் பிடித்து இழுக்கிற மாதிரி போன் அடிக்கும்.

"சார், இன்னைக்கு நான் குடிக்கல சார்."

"...நானும் குடிக்கலம்மா."

இரண்டாம் சனிக்கிழமை சிஸ்டர் அந்த மிஷினை மறுபடி நீட்டினார். "தொண்டை சரியாயிருச்சா சார்?"

தங்கச்சாமி கண்ணை மூடிக்கொண்டு ஊதினார்.

பூஜ்யம்.

முப்பத்திரண்டு பேரும் கைதட்டினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மருந்துக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஊதியதற்கு இவ்வளவு கைதட்டா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. பிள்ளைகளுக்குப் பயம் தெளிந்துவிட்டதுபோல என்று நினைத்துக்கொண்டார். மூன்றாம் சனிக்கிழமை அவரே கையை நீட்டி மிஷினை வாங்கினார். நான்காம் சனிக்கிழமை ஈரல் எப்படிக் கெடும், எப்படித் தேறும் என்று கரும்பலகையில் படம் போட்டு அவரே பாடம் நடத்தினார். சிஸ்டர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்.

ஐந்தாம் வாரம் ஒருநாள் தங்கச்சாமி சட்டைப் பையில் கைவிட்டுப் பார்த்தார். கிராம்பு இல்லை. என்றைக்குத் தீர்ந்தது என்பதும் நினைவில் இல்லை.

*

ஆறாம் சனிக்கிழமை கடைசித் தாள். அதே பத்துக் கேள்வி. பரிபூரணம் சிஸ்டர் ஒவ்வொன்றாகக் கூட்டினார். தங்கச்சாமி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்..." சிஸ்டரின் குரல் போகப் போக உயர்ந்தது. "முப்பத்திரண்டும் பூஜ்யம் சார்!"

தங்கச்சாமி எழுந்து நின்றுவிட்டார். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் வார்டிலிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்தார். கௌதம்ராஜும் இம்மானுவேலும் சாரைத் தோளில் தூக்கினார்கள். "இறக்குங்கலே, இறக்குங்கலே" என்று அவர் சொன்னாரே தவிர, இறங்குவதற்கு அவசரப்படவில்லை.

மாவட்ட ஆபீசுக்கு நல்ல காகிதம் போனது. பட்டியலில் அவர் பெயர் அப்படியே நின்றது. காலை வழிபாட்டில் ஐயாதுரை அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"ஒரு வகுப்பையே மீட்ட ஆசிரியர்!" என்று ஒலிபெருக்கி அலறியது.

தங்கச்சாமி மைக்கைப் பிடித்தார். "பிள்ளைக தப்புப் பண்ணலாம். நாம கையை விட்டுரக்கூடாது. ஆறு வாரம் நான் பட்ட பாடு கொஞ்சமில்ல. ஆனா மீட்டுட்டேன்!"

முப்பத்திரண்டு பேரும் எல்லாரையும்விட உரக்கக் கைதட்டினார்கள். பெண்கள் வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஓரத்தில் அழைப்பின்பேரில் வந்திருந்த பொன்மணியும் துடைத்துக்கொண்டாள்.

அன்று மூன்றாம் பாடவேளை ஆய்வகம். சூரியகாந்தித் தண்டைக் குறுக்காக வெட்ட வேண்டும். இந்த வருஷம் காளீஸ்வரிதான் வெட்டிக் காட்டுவாள். கண் சரியில்லை என்று சொல்லிச் சார் இரண்டு வருஷமாகப் பிளேடைத் தொடுவதில்லை. அவர் வெட்டினால் தண்டு வாழைக்காய் பஜ்ஜி கனத்துக்கு வரும். விரல் நடுங்கும்.

இன்று பொன்னாடை கலையாமல், அவரே பிளேடை எடுத்தார். தண்டை இடதுகையில் பிடித்தார். பிளேடு வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்த துண்டு, இருக்கிறதா இல்லையா என்று தேடவேண்டிய அளவுக்கு மெலிசாக மிதந்தது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு செல்லும் தனித்தனியாகத் தெரிந்தது.

"வந்து பாருங்க பிள்ளைகளா!"

எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். தங்கச்சாமி நெஞ்சு நிமிர்ந்து நின்றார்.

"ஏட்டி காளீஸ்வரி, எல்லாம் நல்லா முடிஞ்சிருச்சு. இப்பவாவது ஒத்துக்கோ. மார்க்குன்னு நெனச்சுத்தானே முதல்ல அப்படி எழுதினே? உன் ஒருத்தி தப்பால முப்பத்திரண்டு பேரை நான் ஆறு வாரம் காப்பாத்த வேண்டியதாப் போச்சு."

காளீஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசி மேசையிலிருந்து, வருஷம் முழுக்க வாயே திறக்காத மாரிச்செல்வி எழுந்தாள். திருவில்லிபுத்தூர் பஸ்ஸில் வருகிறவள்.

"தப்பு எதுவும் எழுதல சார்" என்றாள். "எங்க பேரை எழுதக்கூடாதுன்னு சிஸ்டர் சொல்லிட்டாக. அந்தப் பேப்பர்ல இருந்த ஒரே பேரு உங்க பேருதான். அதான் மூணு பேப்பர்லயும் உங்களைப் பத்திப் பாத்ததை மட்டும் எழுதினோம்."